முதல் மலம் எப்போது போனது?

கேள்வி: டாக்டர், என் மூத்த மகனுக்குப் பிறந்த மூன்றாம் நாளே வயிறு உப்பிவிட்டது, பச்சையாக வாந்தி எடுத்தான். மலக்குடலில் நரம்பு இல்லை, ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் என்று ஆபரேஷன் செய்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறான். நான் மறுபடி ஐந்து மாத கர்ப்பம். இந்தக் குழந்தைக்கும் வருமா? நான் எதையோ சாப்பிட்டதால்தான் அவனுக்கு வந்தது என்கிறார் மாமியார்.
– ஒரு வாசகி

பதில்: மாமியார் சொன்னதை முதலில் மனதிலிருந்து தூக்கிப் போடுங்கள் அம்மா. கருவின் ஐந்தாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரத்துக்குள், குடலை இயக்கும் நரம்பு செல்கள் மேலிருந்து ஆசனவாய் நோக்கி இறங்கி வரும். உங்கள் மகனுக்கு அவை கடைசிவரை வந்து சேரவில்லை. நரம்பில்லாத இடம் விரிந்து கொடுக்காது. மலமும் காற்றும் அதற்கு மேலே தேங்கிவிடும். சாப்பாட்டால் வருவதல்ல இது.

பரம்பரைக்குப் பங்கு உண்டு. பொதுவாக 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிற நோய், ஏற்கெனவே வந்த வீட்டில் அடுத்த குழந்தைக்கு 100-க்கு 4 என்ற அளவில் வரலாம். நரம்பில்லாத பகுதி நீளமாக இருந்திருந்தால் வாய்ப்பு கூடும். அதனால் மகனின் பயாப்ஸி (குடல் திசுவை எடுத்துச் செய்த பரிசோதனை) ரிப்போர்ட்டையும் ஆபரேஷன் குறிப்பையும் தேடி எடுத்து, மரபணு ஆலோசகர் ஒருவரிடம் காட்டுங்கள். ஸ்கேனை நம்பி இருக்க வேண்டாம். பெரும்பாலும் அதில் தெரியாது.

நான் பயிற்சியில் இருந்தபோது நான்கு நாள் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வயிறு மத்தளம்போல் விறைத்து, தோலுக்கடியில் நீல ரத்தக்குழாய்கள் ஓடின. சீனியர் டாக்டர் சுண்டுவிரலை ஆசனவாயில் விட்டு எடுத்ததும் காற்றும் மலமும் பீறிட்டன. கண்ணெதிரே வயிறு தளர்ந்தது. "முதல் மலம் எப்போது போச்சும்மா?" என்று கேட்டார். அந்தத் தாய்க்குச் சொல்லத் தெரியவில்லை. அதைக் கவனிக்க வேண்டும் என்று யாருமே அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

நீங்கள் கவனியுங்கள். நிறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை 24 மணி நேரத்துக்குள், கரும்பச்சையாகத் தார்போல் ஒட்டும் முதல் மலத்தைக் கழித்துவிடும். எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள். ஒரு நாள் கடந்தும் போகாவிட்டால், மூத்தவன் கதையைச் சொல்லி டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பச்சை வாந்தி வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. பிரசவம் பார்க்கப்போகும் டாக்டரிடம் இதையெல்லாம் இப்போதே சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதவைத்துவிடுங்கள்.

மூத்தவன் விஷயம் ஒன்று. ஆபரேஷன் முடிந்த பிள்ளைக்கும் குடல் அழற்சி வரலாம். காய்ச்சலோடு வயிறு உப்பி, கடும் நாற்றத்துடன் பேதி போனால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த இரவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.