கோச் கேட்கும் ஃபைல் எது?

கேள்வி: கார்மின் ஃபோர்ரன்னர் வாட்ச் கட்டிக்கொண்டு தினமும் காலை 5.15 மணிக்கு ஓடுகிறேன். கோச் ஃபைல் அனுப்பச் சொன்னார். போன் ஆப்பில் அதற்கான பட்டனே இல்லை. ஓட்டங்களைப் பகிரும் ஸ்ட்ராவா ஆப்பின் தளத்திலிருந்து ஜிபிஎக்ஸ் என்ற பாதை ஃபைலை எடுத்து அனுப்பினேன். லேப் (ஓட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்த கணக்கு) ஒன்றும் இல்லை, தூரம் 10.02 கி.மீ.க்குப் பதில் 9.87 என்று வருகிறது, தேதியும் முந்தைய நாளாக இருக்கிறது என்கிறார். இதற்கு முன் இரண்டு வருடம் சாம்சங் வாட்ச்சில் ஓடிய கணக்கையும் எடுக்க முடியுமா?

பதில்: உங்கள் வாட்ச்சில் குறை எதுவும் இல்லை. கோச் கேட்பதை எல்லாம் ஜிபிஎக்ஸ் சுமக்காது, அவ்வளவுதான். அவருக்கு வேண்டியது ஃபிட் ஃபைல். ஓட்டம் முடிந்து சேவ் செய்ததும் வாட்ச் தானே எழுதி வைக்கும் மூலப்பதிவு அது. லேப், பாஸ் செய்த நேரம், இதயத்துடிப்பு, காலடி எண்ணிக்கை, ஒவ்வொரு புள்ளியிலும் வாட்ச் கணக்கிட்ட தூரம் எல்லாம் அதில் இருக்கும்.

வாட்ச்சின் பதிவுகள் போய்ச்சேரும் கார்மின் கனெக்டின் போன் ஆப்பில் இதை எடுக்க வழியில்லை. கம்ப்யூட்டர் பிரவுசரில் கனெக்ட் தளத்துக்குள் போய் அந்த ஓட்டத்தைத் திறங்கள். வலது மேல் மூலையில் பற்சக்கரப் படம் இருக்கும். அதை அழுத்தினால் 'எக்ஸ்போர்ட் ஒரிஜினல்' அல்லது 'எக்ஸ்போர்ட் ஃபைல்' என்று வரும். இறங்குவது ஒரு ஜிப். அதைப் பிரித்தால் உள்ளே ஃபிட் ஃபைல். கம்ப்யூட்டர் இல்லையென்றால் போனின் குரோமில் 'டெஸ்க்டாப் சைட்' போட்டும் இதைச் செய்யலாம். ஸ்ட்ராவாவிலும் இதே கதைதான்: தளத்தில் ஓட்டத்தைத் திறந்து, மூன்று புள்ளியில் 'எக்ஸ்போர்ட் ஜிபிஎக்ஸ்' வேண்டாம், 'எக்ஸ்போர்ட் ஒரிஜினல்' எடுங்கள்.

இன்டர்நெட்டே வேண்டாம் என்றால் வாட்ச்சை அதன் கேபிளில் கம்ப்யூட்டரோடு இணையுங்கள். கார்மின் ஃபோல்டருக்குள் ஆக்டிவிட்டி என்ற ஃபோல்டரில் ஃபிட் ஃபைல்கள் வரிசையாக இருக்கும். பாட்டு வசதியுள்ள மாடல்கள் மேக்கில் டிரைவாகத் தெரியாது. ஓப்பன் எம்டிபி போன்ற மென்பொருள் போட வேண்டும், கார்மினின் கம்ப்யூட்டர் மென்பொருளான கார்மின் எக்ஸ்பிரஸ் ஓடிக்கொண்டிருந்தால் அதை மூடிவிட வேண்டும். அந்த ஃபோல்டரிலிருந்து காப்பி மட்டும் செய்யுங்கள். கட் செய்து எடுத்தால் வாட்ச்சில் அந்த ஓட்டமே இருக்காது.

இனி தூரம் ஏன் குறைந்தது என்று பார்ப்போம். ஜிபிஎக்ஸை நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு விவரம் கண்ணில் படும்: அட்சரேகை 13.05003, தீர்க்கரேகை 80.28241, உயரம், நேரம். ஐந்தாவது தசம இடம் ஏறக்குறைய 1.1 மீட்டர். இதயத்துடிப்பைக் கூடுதல் இணைப்பாகச் சேர்க்கலாம். மொத்த தூரம் என்று எழுத அதில் இடமே இல்லை. பெறுகிற மென்பொருள்தான் புள்ளிக்குப் புள்ளி கோடு போட்டுத் தன் வழியில் கூட்டிக்கொள்ளும். உங்கள் வாட்ச்சின் டேட்டா ரெக்கார்டிங் 'ஸ்மார்ட்' என்று இருந்தால், திசையோ வேகமோ மாறாத இடங்களில் புள்ளிகளை விட்டுவிட்டுப் பதியும். வளைவுகளில் அந்தக் கோடு குறுக்கே பாய்வதால் தூரம் தேயும். 400 மீட்டர் டிராக்கில் சுற்றுபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். உங்கள் மாடலில் இருந்தால் சிஸ்டம் செட்டிங்கில் 'எவரி செகண்ட்' என்று மாற்றுங்கள். ஃபைல் கொஞ்சம் பெருக்கும், அது பொருட்டல்ல.

தேதிக் குழப்பமும் தவறு அல்ல. ஜிபிஎக்ஸில் நேரம் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகிறது. நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழியுங்கள்: காலை 5.15 என்பது முந்தைய நாள் இரவு 23.45. கோச்சின் மென்பொருள் இந்திய நேரத்துக்கு மாற்றாமல் அப்படியே காட்டியிருக்கிறது. ஃபைலுக்குள் போய் நேரத்தைக் கையால் திருத்தாதீர்கள். பிறகு அதே ஓட்டம் இரண்டு முறை ஏறும்போது அதைக் கண்டுபிடிப்பது கடினம். அவர் தன் மென்பொருளில் டைம்ஸோனைச் சரிசெய்தால் போதும். ஃபிட் ஃபைலில் உள்ளூர் நேரமும் தனியாகப் பதிவாவதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளை மாற்றினால் ஃபிட், ஜிபிஎக்ஸ் ஆகிவிடாது. ஒன்று மென்பொருள் மட்டுமே படிக்கும் பைனரி, மற்றது நாமும் படிக்கக்கூடிய எழுத்து வடிவம். மாற்றியே ஆகவேண்டும் என்றால் ஜிபிஎஸ்பேபல் என்ற இலவச மென்பொருள் செய்துதரும். டிரெட்மில் ஓட்டத்தில் இடப் புள்ளியே இராது, அதை ஃபிட்டாக மட்டுமே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' வழியாகப் போடுங்கள். போனில் இறக்கும் ஜிபிஎக்ஸின் பெயருக்குப் பின்னால் சில சமயம் எக்ஸ்எம்எல் ஒட்டிக்கொள்ளும்; அதை நீக்கினால் திறக்கும்.

சாம்சங் கணக்கும் எடுக்கலாம். சாம்சங் ஹெல்த் செட்டிங்ஸில் 'டவுன்லோடு பெர்சனல் டேட்டா' கொடுங்கள். போனின் டவுன்லோடு ஃபோல்டரில் சாம்சங் ஹெல்த் என்ற பெயரில் வந்து சேரும். ஓட்டங்களின் பட்டியல் எக்செல்லில் திறக்கும் சிஎஸ்வியாகவும், போன பாதையும் துடிப்பும் தனித்தனி ஜேசன் ஃபைல்களாகவும் பிரிந்து கிடக்கும். அப்படியே எந்த ஓட்ட ஆப்பிலும் ஏறாது. எனவே முக்கியமான பந்தயங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து, மூன்று புள்ளியிலிருந்து பாதையை ஜிபிஎக்ஸாக இறக்கிக்கொள்ளுங்கள். மற்றதற்கு அந்த சிஎஸ்வியையே கோச்சிடம் கொடுங்கள்; மாதவாரி தூரம் பார்க்க அது போதும். பழைய போனை விற்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

அனுப்புவதற்கு முன் ஒன்று. பாதையின் முதல் புள்ளி உங்கள் வீட்டு வாசல். ஸ்ட்ராவாவில் தொடக்கத்தை மறைத்து வைத்திருந்தாலும் நீங்கள் எடுக்கும் ஒரிஜினல் ஃபைலில் அது முழுதாக இருக்கும். வாட்ச்சின் சீரியல் எண், பல மாடல்களில் உங்கள் எடை, உயரம்கூட ஃபிட்டில் இருக்கும். கோச்சுக்குத் தரலாம், ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். அங்கே ஸ்கிரீன்ஷாட் போதும், அதிலும் வீட்டுப் பக்கத்தை வெட்டிவிட்டு.