பி.சி.ஜி.யும் புதிய வைரசும்

மதிப்பிற்குரிய ஐயா,

புதிய வைரஸ் ஒன்று பரவினால், அதற்குத் தடுப்பூசி வரும்வரை பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து போன்றவற்றைத் தற்காலிகக் காப்பாகக் கொடுக்கலாம் என்று படித்தேன். காசநோய்க்கான ஊசி வேறொரு நோயை எப்படித் தடுக்கும்? அறுபதைக் கடந்த என் பெற்றோருக்குப் போடலாமா?

ரா., ஈரோடு

அன்புள்ள ரா.,

இந்தக் கருத்துக்கு ஆய்வு அடிப்படை உண்டு. ஆனால், பெற்றோருக்கு இப்போது போட வேண்டாம்.

ஒரு கிருமியை அடையாளம் கண்டு தாக்கும் எதிர்ப்பொருள்கள் உருவாகச் சில நாட்களாவது ஆகும். அதுவரை எந்தக் கிருமி நுழைந்தாலும் எதிர்த்து நிற்பவை நம் இரத்தத்தில் உள்ள மோனோசைட் போன்ற அணுக்கள்தான். நெதர்லாந்தின் நெய்மேகன் நகரில் ஆய்வாளர் மிஹாய் நெட்டியாவின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்களின் மோனோசைட்டுகள் மூன்று மாதங்களுக்குப் பின்னரும் காசநோய்க்குத் தொடர்பே இல்லாத கிருமிகளைக் கண்டு முன்னைவிட வேகமாகக் கிளர்ந்தன. இதற்கும் பல ஆண்டுகள் முன்பே, சோவியத் ஒன்றியத்தில் வைரஸ் ஆய்வாளர் மரீனா வொரோஷிலோவாவும் அவர் கணவர் மிகயீல் சுமாக்கோவும் போலியோ சொட்டு மருந்தை இன்ஃபுளுவென்சாவுக்கு எதிராகச் சோதித்திருந்தார்கள். அவர்களுடைய மகன் கான்ஸ்டன்டின் சுமாக்கோவ்தான் 2020இல் அதையே கொரோனாவுக்கும் சோதிக்கலாம் என்று வைரஸ் ஆய்வாளர் ராபர்ட் காலோ முதலியோருடன் சேர்ந்து எழுதினார்.

ஆனால் இரத்த அணுவில் தெரியும் மாற்றம் வேறு, மனிதர் நோயிலிருந்து தப்புவது வேறு. கிரேக்கத்தில் 198 முதியவர்களிடம் நடந்த ஆய்வில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் முதல் தொற்று வருவதற்கான காலம் மருந்தற்ற ஊசி போட்டவர்களுக்கு 11 வாரமாகவும் பி.சி.ஜி. போட்டவர்களுக்கு 16 வாரமாகவும் இருந்தபோது நானும் மிகவும் நம்பிக்கை கொண்டேன். பிறகு மெல்போர்னிலிருந்து நடத்தப்பட்டு, ஐந்து நாடுகளில் ஏறத்தாழ 4,000 சுகாதாரப் பணியாளர்கள் பங்கேற்ற ஆய்வின் முடிவு 2023இல் வந்தது: பி.சி.ஜி. கொரோனாவைத் தடுக்கவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பெரும் ஆய்வு, அதே ஊசி பெரியவர்களைக் காசநோயிலிருந்தே காக்கவில்லை என்று காட்டியதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

எனினும் கருத்தையே கைவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த வைரஸ் வேறாக இருக்கலாம். சில மாதக் காப்பு கிடைத்தாலும், வார்டில் நிற்கும் செவிலியருக்கு அது பெரிது. ஆனால் சோதனைக்கான திட்டமும் அனுமதிகளும் இப்போதே ஆயத்தமாக இருந்தால்தான், தொற்று தொடங்கிய முதல் மாதத்திலேயே விடை தேடத் தொடங்க முடியும்.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உலர்ந்த பி.சி.ஜி. மருந்தைக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிடுவார்கள். அந்தக் குப்பி பிறந்த குழந்தைக்கு உரியது. மூளைக் காசநோயிலிருந்து குழந்தையைக் காப்பது. பெரியவர்களுக்காக அது திருப்பிவிடப்பட்டால் குழந்தைகளுக்குக் கிடைக்காமல் போகும் என்று 2020 ஏப்ரலிலேயே உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது.