ஆவணியில் பெட்டி ஏன் வெறுமையாகிறது?

தேனீ வளர்ப்புப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, ஒட்டுசுட்டானில் வீட்டு வளவில் பெட்டி வைத்திருக்கும் ஒரு அக்கா பதில் சொல்கிறார்.

கேள்வி: மாசியில் ஒரு கூட்டம் பிடித்துப் பெட்டியில் விட்டேன். நன்றாகப் பெருகியது. சித்திரையில் மூன்று போத்தல் தேன் எடுத்தோம். ஆவணியில் ஒரு நாள் காலை பதினொரு மணிபோல எல்லாம் இரைந்துகொண்டு எழும்பிப் போய்விட்டன. பெட்டிக்குள் ஒரு ஈ கூட மிச்சமில்லை. பிள்ளைகள் அழுதே விட்டார்கள். நான் என்ன பிழை விட்டேன், அக்கா?
(வாசகி, மல்லாவி)

தங்கச்சி, மூன்று போத்தல் எடுத்ததை எழுதியிருக்கிறீர்கள். பெட்டிக்குள் எவ்வளவு விட்டுவைத்தீர்கள் என்று எழுதவில்லையே. நான் முதலில் கேட்பது அதைத்தான்.

எனக்கும் இது நடந்தது. மீள்குடியேறி வந்து 2011இல் இரண்டு பெட்டியோடு தொடங்கினேன். 2013 சித்திரையில் நாலு பெட்டி இருந்தது. பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்குக் காசு தேவைப்பட்டது, வதை வதையாக (வதை என்பது ஈ மெழுகால் கட்டும் தேனடை) எல்லாத் தேனையும் எடுத்துவிட்டேன். ஆடி முடிவதற்குள் மூன்று பெட்டி வெறுமை. மூடியைத் திறந்தால் கறுத்த வதை, அதற்குள் அந்துப்புழு பின்னிய நூல், ஒரு மூலையில் செத்துக் கிடந்த ஐந்தாறு ஈ. அன்றைக்கு நான் சமைக்கவில்லை.

நம் பக்கம் பங்குனி, சித்திரையில் வேம்பு பூத்துக் கொட்டும். காட்டு மரங்களிலும் பூ இருக்கும். அப்போது பெட்டி பாரமாக இருப்பதைப் பார்த்து, இப்படியே போகும் என்று நம்பிவிடுகிறோம். சோளகம் வீசத் தொடங்கினால் புல்லும் பூண்டும் காயும், சின்னக் குளங்கள் வற்றும். தென்னம்பாளைதான் வருடம் முழுக்கக் கைகொடுக்கும், அதில் கிடைப்பதும் பெரும்பாலும் மகரந்தம். மாரி மழை விழும்வரை அந்தக் கூட்டம் சித்திரையில் சேர்த்ததைத்தான் தின்ன வேண்டும். அதை நாம் போத்தலில் அடைத்துவிட்டால் அது என்ன செய்யும்? நம்முடைய தேனீ இனம் பட்டினியில் அப்படியே கிடந்து சாகாது. இடம் மாறிவிடும்.

ஆனால் திடீரென்று போகாது. முதலில் இராணி முட்டை இடுவதைக் குறைக்கும், பிறகு நிறுத்தும். ஏற்கெனவே உள்ள குஞ்சுகள் பொரித்து முடியும்வரை பெரும்பாலும் காத்திருந்து, மிச்சத் தேனைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பும். முட்டை ஒன்று ஈயாக வெளியே வர ஏறக்குறைய 20 நாள். அந்த 20 நாள்தான் உங்களுக்குக் கிடைக்கும் தவணை. பத்து நாளுக்கு ஒரு தடவை நடு வதையைத் தூக்கி, வெயில் உங்கள் தோளுக்கு மேலால் அறைகளுக்குள் விழும்படி சரித்துப் பாருங்கள். அறையின் அடியில் வெள்ளை நூலை நறுக்கி நட்டது போல முட்டை நின்றால் பயமில்லை. முட்டையும் இல்லை, புழுவும் இல்லை, மூடிய அறைகள் மட்டும் இருக்கின்றன என்றால் அன்று பின்னேரமே சீனிப்பாணி வையுங்கள். ஒரு கோப்பை சீனிக்கு ஒரு கோப்பை கொதித்து ஆறிய தண்ணீர். பெட்டிக்கு உள்ளே வைக்க வேண்டும். ஈ மூழ்காமல் இருக்கத் தட்டில் நாலு குச்சி மிதக்கட்டும். பகலில் வைத்தாலோ வெளியே சிந்தினாலோ எறும்பும் அயல் பெட்டி ஈக்களும் கொள்ளையடிக்க வரும்.

பாதிக் கூட்டம் மட்டும் போயிருந்தால் அது வேறு கதை. கூட்டம் பெருத்துப் பிரிவது அது. வதையின் கீழ் விளிம்பில் கச்சான் கோது போல இராணி அறைகள் தொங்கும், மீதிக் கூட்டம் அங்கேயே இருக்கும். உங்களுடையது அப்படி இல்லை.

இப்போது பழைய வதையை எடுத்து உருக்குங்கள், அந்து பெருகவிடாதீர்கள். பெட்டியைக் கழுவிக் காயவைத்து உள்ளே கொஞ்சம் தேன்மெழுகு பூசி, பின்னேர வெயில் படாத மர நிழலில் வையுங்கள். கால் நாலையும் தண்ணீரோ பழைய எஞ்சின் ஒயிலோ ஊற்றிய ரின்னுக்குள் நிறுத்துங்கள். பக்கத்துக் கிளை பெட்டியில் முட்டினால் முசுறு அதன் வழியாக வந்துவிடும், அதையும் வெட்டுங்கள். அடுத்த சித்திரையில் மேலறைத் தேனை, அதாவது பெட்டியின் மேல்தட்டில் உள்ளதை மட்டும் எடுங்கள். கீழறை அதுகளின் வீடு. மேலறை இல்லாத பெட்டி என்றால் ஓரத்து வதையில் பாதியோடு கையை எடுத்துவிடுங்கள். இரண்டு போத்தல் குறையும், கூட்டம் நிற்கும்.

கேள்வி: நான் எடுத்த தேன் இரண்டு மாதத்தில் நுரைத்துப் புளித்தது. போத்தல் மூடியே பறந்தது. தண்ணீர் ஒரு சொட்டும் கலக்கவில்லை.
(வாசகர், நெடுங்கேணி)

தம்பி, நீங்கள் கலக்கவில்லை, தேனுக்குள்ளேயே தண்ணீர் இருந்தது. பூவில் இருந்து வருவது தண்ணிச் சாறு. ஈ அதை இரவெல்லாம் சிறகடித்து வற்றவைத்து, பதம் வந்ததும் மெழுகால் மூடும். மூடாத அறைத் தேனை எடுத்தால் புளிக்கும். வதையில் முக்கால் பங்காவது வெள்ளை மூடி போட்டிருக்க வேண்டும். சந்தேகம் என்றால் வதை கட்டிய மரச் சட்டத்தைப் படுக்கையாகப் பிடித்து ஒரு உதறு உதறுங்கள். துளி தெறித்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

எடுக்கும்போது தும்புப் புகை கொஞ்சம் போதும். சுடுதண்ணீரில் தோய்த்துத் துடைத்த கத்தியால் மூடியைச் சீவி, கையால் சுற்றும் இயந்திரத்தில் போட்டால் தேன் மட்டும் வரும், வதையைத் திரும்பக் கொடுக்கலாம். பிழிந்தால் குஞ்சும் மகரந்தமும் சேர்ந்து வரும், வதையும் போச்சு. புது வதை கட்ட அதுகளுக்கு எவ்வளவு தேன் செலவு என்று நினைத்துப் பாருங்கள். வடித்ததை ஒரு நாள் மூடி வைத்து, மேலே வரும் நுரையை எடுத்துவிட்டு, ஈரமே இல்லாத போத்தலில் நிரப்புங்கள். மழை நாளில் எடுக்க வேண்டாம்.

கேள்வி: போத்தலின் அடியில் சீனி போல உறைந்திருக்கிறது. கடைக்காரர் கலப்படம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.
(வாசகி, கிளிநொச்சி)

நல்ல தேனும் உறையும். போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தால் கரையும், அடுப்பில் நேரே வைக்காதீர்கள். தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பது, திரியில் தோய்த்துக் கொளுத்துவது எல்லாம் நம்பக்கூடிய சோதனைகள் இல்லை, கெட்டியான சீனிப்பாணியும் தப்பிவிடும். ஒன்று மட்டும் செய்யலாம்: 750 மில்லிலீற்றர் தேன், போத்தலின் பாரத்தைக் கழித்துவிட்டால், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அதற்குக் குறைந்தால் அதில் தண்ணீர் அதிகம். கடைக்காரரைப் பெட்டியடிக்கே ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டுங்கள். நான் அப்படித்தான் என் வாடிக்கையாளர்களைப் பிடித்தேன்.

தேன் வாங்க வருகிறவர்களிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு நாக்கில் தொட்டும் வைக்கக் கூடாது. சில வேளை தேனில் இருக்கும் ஒரு கிருமியின் வித்து அந்த வயிற்றில் முளைத்து நஞ்சாகும்.

கேள்வி: பக்கத்து வயலில் மருந்து அடித்தால் பெட்டி வாசலில் ஈ செத்துக் கிடக்கிறது. சண்டை பிடிக்கவும் மனமில்லை.
(வாசகர், முத்தையன்கட்டு)

சண்டை வேண்டாம், அண்ணை. ஒரு சின்னப் போத்தல் தேனோடு போய், பொழுதுபட்ட பிறகு அடிக்க முடியுமா, முதல் நாளே ஒரு சொல் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். சொல்லிவிட்டால் அன்று இரவு ஈ எல்லாம் உள்ளே வந்த பிறகு, காற்றுப் போகும்படி வாசலில் வலை அடித்து, மறுநாள் மத்தியானம் வெயில் ஏறுமுன் திறந்துவிடலாம். வாய்க்கால் தண்ணீரைத் தேடிப் போகாமல் இருக்க, பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றி, ஈ உட்கார நாலு பொச்சு மட்டைத் துண்டு மிதக்க விடுங்கள். எங்கள் வளவில் காலையில் அந்தச் சட்டியைச் சுற்றித்தான் அதுகளின் கூட்டம்.