கர்ப்பம் 27 வாரம், சீனி கூட என்கிறார்கள், ஆனால் எனக்கு ஒன்றும் செய்யவில்லையே

தங்கச்சி, திருகோணமலையில் இருந்து எழுதியிருந்தீர்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்த்ததில் இரத்தத்தில் சீனி வெறும் வயிற்றில் 98 mg/dL, இரண்டு மணித்தியாலத்தில் 161. தாகமோ களைப்போ இல்லை, அடுத்த கிளினிக்குக்குப் போகத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கட்டாயம் போங்கள். வெறும் வயிற்றில் 92, இரண்டு மணித்தியாலத்தில் 153 என்பதுதான் எல்லை. ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவுதான்; உங்களுக்கு இரண்டுமே தாண்டியிருக்கிறது.

ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் இந்த வருத்தத்தின் பொல்லாத குணம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஓமோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. மிஞ்சும் சீனி பிள்ளைக்குப் போகும். பிள்ளை பெருத்து, பிரசவத்தில் தோள் சிக்கலாம். உங்களுக்குப் பிரசர் ஏறலாம். பிறந்த கையோடு பிள்ளைக்குச் சீனி சட்டென்று இறங்கவும் கூடும். என் மகனின் குட்டிக் குதிக்காலில் குத்தி எடுத்த அந்தத் துளி இரத்தம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

மாமி "இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்கிறா என்றீர்கள். அவவையும் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள், குடும்பநல மாது சொன்னால் கேட்பா. பட்டினி கிடக்க வேண்டாம். வழமையாகச் சாப்பிடும் புட்டில் பாதி போதும். மிச்ச இடத்துக்கு மீன், முருங்கைக்கீரை. சீனி போட்ட தேத்தண்ணீரையும் பழச்சாற்றையும் விடுங்கள். சாப்பிட்ட பிறகு கொஞ்சம் நடவுங்கள். இன்சுலின் போடச் சொன்னால் பயப்படாதீர்கள், அது பிள்ளையைப் பாதிக்காது.

பிள்ளை பிறந்து 6 முதல் 12 வாரத்துக்குள் திரும்பவும் சோதிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று வந்து எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.