கல்யாண டிவிடியை போனில் ஓடும் வீடியோவாக மாற்றுவது எப்படி?

டிவிடியில் இருக்கும் விஓபி ஃபைல்களை அப்படியே போனில் ஏற்றினால் சத்தம் வரவில்லை, ஆள் நகர்ந்தால் ஓரமெல்லாம் கோடு கோடாகத் தெரிகிறது, முகூர்த்தம் பாதியில் அறுந்து அடுத்த ஃபைலுக்குப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

சத்தம் வராததற்கு ஏசி3 என்ற ஆடியோ வடிவம் காரணமாக இருக்கும். டிவிடியில் ஆடியோ பெரும்பாலும் அந்த வடிவத்தில்தான் பதிந்திருக்கும். பல போன்களின் கேலரி ஆப்புக்கு அது புரியாது. பாதியில் அறுவது டிவிடியின் விதி: எவ்வளவு நீளமான வீடியோவானாலும் 1 ஜிபிக்கு ஒரு விஓபி என்று துண்டு போட்டுத்தான் எழுத முடியும். கோடு விவகாரத்துக்குப் பிறகு வருகிறேன், அதுதான் பெரியது.

ஒரு தடவை பார்த்தால் போதும் என்றால் எதையும் மாற்ற வேண்டாம். போனில் விஎல்சி ஆப்பைப் போட்டு விஓபியைத் திறந்தால் சத்தத்தோடு ஓடும். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டும், எல்லா போனிலும் ஓட வேண்டும் என்றால்தான் மேலே படியுங்கள்.

முதல் வேலை டிஸ்க்கை முழுசாக கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவது. டிரைவிலிருந்து நேராக கன்வர்ட் செய்ய உட்காராதீர்கள். வீட்டில் எழுதிய டிவிடி-ஆர் வெயிலுக்கும் சூட்டுக்கும் கெட்டுப்போகும் சாயத்தால் ஆனது, அதை எத்தனை முறை ஓடவிடுகிறோமோ அத்தனை ரிஸ்க். விண்டோஸில் இம்ஜ்பர்ன் என்ற மென்பொருள் மூலம் ஐஎஸ்ஓ ஃபைலாக, அதாவது முழு டிஸ்க்கின் ஒரே ஃபைல் நகலாக, எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கிள் லேயர் டிஸ்க் என்றால் அதிகபட்சம் 4.7 ஜிபி, டபுள் லேயர் 8.5 ஜிபி. நல்ல டிஸ்க் கால் மணி நேரத்துக்குள் முடியும். அரை மணியாகியும் நகரவில்லை என்றால் கீறல் அல்லது அழுக்கு. மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. டேட்டா வட்டமாகப் பதிந்திருப்பதால் வட்டக் கீறல்தான் அதிகம் கெடுக்கும். ஸ்டூடியோக்காரர் ஒட்டிய போட்டோ ஸ்டிக்கரைப் பிய்க்கவே வேண்டாம், டிஸ்க் கெட்டுப்போகலாம்.

அப்படியும் படிக்காவிட்டால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட இடத்தை இன்னொன்று படிப்பது சர்வ சாதாரணம். லினக்ஸ் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் நல்லது: நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு திரும்பத் திரும்ப முயலும். டிரைவை மாற்றினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். யுஎஸ்பி டிரைவ் கடகடவென்று சத்தம் போட்டு டிஸ்க்கை உதறினால் கரண்ட் போதவில்லை என்று அர்த்தம். ஹப்பை விட்டுவிட்டு லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள்.

அடுத்தது ஹேண்ட்பிரேக், வீடியோவை கன்வர்ட் செய்யும் இலவச மென்பொருள். ஐஎஸ்ஓவை அதில் திறந்தால் டைட்டில் பட்டியல் வரும். அதிக நேரம் காட்டுவதுதான் உங்கள் வீடியோ. சில நொடி டைட்டில்கள் மெனுவும் ஸ்டூடியோ விளம்பரமும். துண்டு துண்டான விஓபிக்களை அது தானே கோத்துக்கொள்ளும், நீங்கள் ஒட்ட வேண்டியதில்லை. (கடையில் வாங்கிய சினிமா டிவிடிகளில் சிஎஸ்எஸ் என்ற காப்பித் தடுப்புப் பூட்டு இருக்கும், ஹேண்ட்பிரேக் அதைத் திறக்காது. இங்கே பேசுவது பூட்டில்லாத வீட்டு டிஸ்க்குகளைப் பற்றி மட்டும்.)

பிரீசெட்டில் (தயாராக இருக்கும் செட்டிங் பட்டியல்) ஃபாஸ்ட் 576பி25 எடுங்கள். நம் ஊர் டிவிடி பிஏஎல் (PAL) என்ற டிவி முறை, 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம். இனி அந்தக் கோடு.

பழைய ஸ்டூடியோ கேமராக்கள் இன்டர்லேஸ் முறையில் எடுத்தவை. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தையும் இரட்டைப்படை வரிகள் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு தள்ளி அடுத்த கணத்தையும் பிடித்திருக்கும். பழைய குழாய் டிவி அவற்றை மாற்றி மாற்றிக் காட்டியதால் கண்ணுக்குத் தெரியவில்லை. போன் இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிறது. அதனால் அட்சதை போடும் கை ஒரே ஃபிரேமில் இரண்டு இடத்தில் இருந்து, சீப்புப் பல் மாதிரி தெரிகிறது. இதை எடுக்காமல் கன்வர்ட் செய்தால் அந்தப் பல் நிரந்தரமாகப் பதிந்துவிடும், பிறகு எந்த ஆப்பாலும் சுத்தமாக எடுக்க முடியாது. யூடியூபில் கிடக்கும் பல கல்யாண வீடியோக்களின் கதி இதுதான்.

ஃபில்டர்ஸ் பகுதியில் இன்டர்லேஸ் டிடெக்‌ஷனை ஆஃப் செய்து, டீஇன்டர்லேஸில் யாடிஃப் (Yadif), அதற்கு பாப் (Bob) என்ற தேர்வைக் கொடுங்கள். பாப் ஒவ்வொரு பாதியையும் தனி ஃபிரேமாக்கி நொடிக்கு 50 தரும். நடை, நாதஸ்வரக்காரர் விரல் எல்லாம் டிவியில் பார்த்த வழவழப்போடு வரும். பலரும் தவறவிடுவது இங்கே: வீடியோ பகுதியில் ஃபிரேம் ரேட் 25 என்றே இருந்தால் பாப் கொடுத்தும் பயனில்லை, பாதி ஃபிரேமை அதுவே தூக்கி எறிந்துவிடும். 50 என்று மாற்றி, கான்ஸ்டன்ட் என்பதையும் தேர்ந்தெடுங்கள்.

ஒரு நிமிடம் மட்டும் கன்வர்ட் செய்து போனில் பாருங்கள். ஆட்கள் முன்னும் பின்னும் உதறி உதறி நடந்தால் ஸ்டூடியோவில் எடிட் செய்தபோது ஃபீல்டு வரிசை, அதாவது ஒற்றை, இரட்டை வரிகளில் எது முதலில் என்ற குறிப்பு, தலைகீழாகப் பதிந்திருக்கிறது. அதோடு மல்லுக்கட்டுவதை விட பாப்பை விட்டு டிஃபால்ட்டுக்கு மாறி, ஃபிரேம் ரேட்டை 25 ஆக்கிவிடுவது நிம்மதி.

வீடியோவைச் சுருக்கும் முறைக்கு எக்ஸ்264, தரத்துக்கு ஆர்எஃப் என்ற எண் 20. எண் குறைந்தால் தரமும் சைஸும் கூடும். இந்த அளவு படத்துக்கு 18க்குக் கீழே போவது வீண். 1080பிக்குப் பெரிதாக்குவதும் வீண்தான், இல்லாத விவரம் முளைக்காது. ஆடியோவுக்கு ஏஏசி வடிவம், ஸ்டீரியோ, பிட்ரேட் 160. ஹெச்க்யூ என்று தொடங்கும் பிரீசெட்டுகள் ஏசி3யையும் இரண்டாவது டிராக்காகச் சேர்க்கக்கூடும், இருந்தால் நீக்கிவிடுங்கள்.

முகங்கள் ஒல்லியாகவோ உப்பியோ தெரிந்தால் பிக்சல் சதுரமாக இல்லாததே காரணம். டைமென்ஷன்ஸில் அனமார்ஃபிக்கை (சதுரமில்லாத பிக்சலை அப்படியே விடும் தேர்வு) நிறுத்தி, 4:3 டிஸ்க்குக்கு 768க்கு 576, 16:9க்கு 1024க்கு 576 வருகிறதா பாருங்கள். வராவிட்டால் ரெசல்யூஷன் லிமிட்டை உயர்த்தி எண்ணைக் கையால் போடுங்கள். விஎச்எஸ் கேசட்டிலிருந்து டிவிடிக்கு ஏற்றியதென்றால் அடியில் ஒரு பட்டை துடித்துக்கொண்டே இருக்கும். கிராப்பை கஸ்டமாக்கி அடியில் 8 முதல் 12 வரி வெட்டினால் போய்விடும். வெட்டிய பிறகு உயர எண்ணும் அந்த அளவுக்குக் குறைய வேண்டும். 576 என்றே விட்டால் படம் கொஞ்சம் இழுபடும்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாகப் போட்டால் அது மறுபடி நசுக்கிவிடும். டாகுமெண்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும். மெமரி கார்டில் போடுவதானால் 32 ஜிபி வரையிலான கார்டுகள் பெரும்பாலும் ஃபேட்32. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை அது ஏற்காது, காப்பி கடைசி நேரத்தில் பிழை காட்டி நிற்கும். மூன்று மணி நேர வீடியோ என்றால் ஹேண்ட்பிரேக்கில் சாப்டர் பிரித்து இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓவை மட்டும் அழிக்காமல் ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள், செட்டிங் தப்பிப்போனால் மறுபடி டிஸ்க்கைத் தொட வேண்டியிருக்காது.