'முடியாது' என்று சொல்ல வராதவர்

கேள்வி: என் கணவர் பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஆர்டர் வாங்கி சரக்கு போய்ச் சேரும்வரை பார்த்துக்கொள்ளும் வேலை. ராத்திரி சாப்பிடும்போதும் ஒரு கை போனில்தான். கோயில் வரிசையில்கூட ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் போகிறது. பணத்தாசையோ பதவி வெறியோ கிடையாது, ரொம்ப சாது. இவருக்கு எப்படி இந்த வேலைப் பித்து?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: சாதுவாக இருப்பதால்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வேலைப் பித்தை அளக்க ஏழு கேள்விகள் தயாரித்தார்கள். நினைத்ததைவிட அதிக நேரம் வேலையில் போகிறதா, குற்ற உணர்ச்சியையும் பதற்றத்தையும் மறக்க வேலை செய்கிறீர்களா, குறைத்துக்கொள் என்று மற்றவர்கள் சொல்லியும் கேட்பதில்லையா, வேலை செய்ய விடாவிட்டால் தவிக்கிறீர்களா, இந்த மாதிரி. நாலுக்காவது 'அடிக்கடி' அல்லது 'எப்போதும்' என்று பதில் வந்தால் பித்துதான். 2014-இல் வெளியான அவர்களுடைய கணக்கில் நார்வே ஊழியர்களில் 8.3 சதவீதம் பேர் இதில் மாட்டினார்கள்.

யார் அவர்கள்? முரட்டு லட்சியவாதிகள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் அந்தக் கணக்கில் தெரிந்த மூன்று சுபாவங்கள் வேறு: பிறரோடு இணங்கிப் போகிறவர்கள், எதற்கும் கவலைப்படுகிறவர்கள், புதுப்புது யோசனைகள் ஓடிக்கொண்டே இருக்கிறவர்கள். முதல் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். யார் எதைக் கேட்டாலும் 'சரி சார்' என்று வாங்கிக்கொள்வார், அப்புறம் அது தப்பிவிடுமோ என்று படுத்தாலும் தூக்கம் வராது, எழுந்து ஒரு மெயில் போட்டால்தான் நெஞ்சு ஆறும். ஆறுகிறதே, அதுதான் வினை. அடுத்த தடவையும் கை அதற்கே போகும். வேலைப் பித்தரைக் குறிக்கும் 'வொர்க்கஹாலிக்' என்ற சொல்லைப் பிரபலமாக்கிய அமெரிக்கர் வேய்ன் ஓட்ஸும் ஊரார் கவலையைக் கேட்கும் பாதிரியார்தான், 1971-இல் அவர் எழுதியது தன் பித்தைப் பற்றி.

அதற்காக எல்லாப் பழியையும் சுபாவத்தின் தலையில் போடாதீர்கள். அமெரிக்க பையருக்கு விடியும்போது நமக்கு இருட்டிவிடும், அந்த வேலையின் அமைப்பே அப்படி.

'வேலையைக் குறைங்க' என்று சண்டை போட்டால் சாது மனிதர் உங்களுக்கும் 'சரி' என்றுதான் சொல்வார். அதைவிட, ஒரு நாளைக்கு ஒரே ஒருவரிடம் 'காலையில் பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லிப் பழகட்டும். தூக்கம் ரொம்பக் கெட்டிருந்தால், படபடப்பு இருந்தால், மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். ஏழு கேள்விகளையும் அவரிடமே கேளுங்கள், குறைக்கச் சொல்லியும் கேட்கவில்லையா என்பதற்கு மட்டும் நீங்களே பதில் எழுதிக்கொள்ளலாம்.