பல் நறநறப்பு: பார்மசி கவசம் இரண்டு மாதத்தில் ஓட்டையானால்

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதால் பார்மசியில் வாங்கிய பல் கவசம் இரண்டு மாதத்தில் ஓட்டையாகிவிட்டது, இன்னொன்று வாங்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். அதே மாதிரி இன்னொன்று வாங்காதீர்கள். வெந்நீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் மென்மையான கவசம் இரண்டே மாதத்தில் கடைவாய்ப் பக்கம் ஓட்டையாகிறது என்றால், உங்கள் கடியை அது தாங்காது. பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்யும் கெட்டியான அக்ரிலிக் ஸ்ப்ளின்ட்தான் (தூங்கும்போது பல்லின் மேல் மாட்டும் கெட்டிப் பிளாஸ்டிக் கவசம்) சரி. நம் பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் பக்கம் கிடைக்காவிட்டால் ஈப்போவுக்கு இரண்டு நடை போக வேண்டியிருக்கும். பரவாயில்லை, போய் வாருங்கள். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது.

செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை, ஒரு நாளைக்கு ஐந்து கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி) என்றும் எழுதியிருந்தீர்கள். எனக்கு முதலில் சந்தேகம் அங்கேதான்: கோப்பி நறநறப்பைக் கூட்டலாம். மாலைக்கு மேல் கோப்பியை நிறுத்திப் பாருங்கள்.

அப்புறம் ஒரு சோதனை. வேலை நடுவே சட்டென்று கவனியுங்கள்: மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டியிருக்கின்றனவா? உதடு மூடியிருந்தாலும் பற்களுக்கு நடுவே இடைவெளி இருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் பகலிலும் கடிக்கிறீர்கள்.

வீட்டம்மாவிடமும் கேளுங்கள். குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிறீர்கள் என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு இருந்தால் ஸ்ப்ளின்ட் மட்டும் போதாது.

ஸ்ப்ளின்ட் நறநறப்பை நிறுத்தாது, பல்லுக்குப் பதில் அது தேயும், அவ்வளவுதான். சுடுநீரில் கழுவாதீர்கள், சூட்டில் வளைந்துவிடும். என்னுடையதை வெயிலில் நின்ற காருக்குள் விட்டதில், மறுநாள் ஒரு பக்கம் பொருந்தாமல் தூக்கிக்கொண்டது.